தந்தி சொரிமுத்து அண்ணாவிக்கு முதலாண்டு

சிரிக்க வைக்கிற கதை ஒன்று கைவசம் இருக்கிறது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த கதை. ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் ஒருவர் செத்துப்போக வேண்டும், ஒருவர் முப்பது நாள் பாடம் படிக்க வேண்டும், தலைவர் ஒருவர் இருபது நிமிஷம் பேச வேண்டும். அவசரப்படாதீர்கள். சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

செத்துப்போனவர் சொரிமுத்து அண்ணாவி. பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுக்கிறவர்களை மேலக்குறிச்சிப் பக்கம் அண்ணாவி என்பார்கள். கம்பியோ நரம்போ கட்டியிருந்தால் போதும், அவர் தொட்டால் அது பேசும். பெயருக்கு முன்னால் 'தந்தி' வந்தது அதனால்தான். கொட்டாங்கச்சி வயலின், துந்தினா, தம்பூரா, வீணை, வயலின், மேண்டலின், புல்புல்தாரா, கிடார், பாஞ்சோ, கோட்டுவாத்தியம். வில்லுப்பாட்டுக்காரர்களின் வில்லையும் சேர்த்தால் பதினொன்று. சின்னப் பயல்கள் துணி காயப்போடுகிற கொடிக்கம்பியைக் காட்டி, "இதை வாசிங்க பார்ப்போம்" என்பார்கள். கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதையும் வாசித்துக் காட்டுவார். காய்ந்துகொண்டிருந்த பாவாடை தாளத்துக்கு ஆடும்.

கச்சேரி முடிவில் எப்போதும் ஒரு நடவு மெட்டு. வார்த்தை கிடையாது, மேண்டலின் மட்டும். வயலில் பெண்கள் பாடக் கேட்டு எடுத்தது. அதை அவர் வாசித்தால் சுண்டல் விற்கிறவன்கூட விற்பனையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுவான்.

போன ஆவணியில் அண்ணாவி போய்ச் சேர்ந்தார். ஊரே அழுதது. எல்லாரையும் விடச் சத்தமாக அழுதவர் தனுஷ்கோடி.

தனுஷ்கோடிக்கு நாற்பத்தெட்டு வயது. 'தேனமுது இன்னிசைக் குழு'வின் சொந்தக்காரர். பதினாலு வயதில் அண்ணாவியிடம் மேண்டலின் பிடிக்கக் கற்றவர். பிற்காலத்தில் அண்ணாவியே அவர் குழுவில் வாசித்தார். "சிஷ்யன் மேடையில குரு உக்காந்திருக்காரு, இதைவிட என்ன பாக்கியம் வேணும்" என்று தனுஷ்கோடி மைக்கில் சொல்லும்போது குரல் கரகரக்கும். சரியான இடத்தில் கரகரக்கும்.

முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. விழாக் கமிட்டி நோட்டீஸ் அடித்துவிட்டது. 'அண்ணாவியின் நடவு மெட்டை அவர்தம் அருமைச் சீடர் இசைப்பார். அத்துடன், அண்ணாவியின் பெயருக்கு முன் விளங்கிய தந்தி என்னும் பட்டம் அன்னாருக்குச் சூட்டப்படும். அனைவரும் வருக.'

தந்தி தனுஷ்கோடி. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அவர் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பட்டம் கிடைத்துவிட்டால் கோயில் கொடை விழாவுக்கு மேலக்குறிச்சியில் வேறு குழுவைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் ஒரு முள் இருந்தது. அந்த முள்ளோடுதான் அவர் பூரணியைப் பார்க்கப் போனார்.

பூரணி பன்னிரண்டு வருஷம் அண்ணாவிக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டியவள். அவருடைய பதினொன்றில் ஒன்பது அவளுக்கும் வரும். முப்பத்து நாலு வயது. மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறாள். தேனமுது குழுவில் இருந்த காலத்தில், "ஏ பூரணி, நாலு டீ சொல்லிட்டு வா" என்பதற்கு மேல் தனுஷ்கோடி அவளிடம் பேசியதில்லை.

"வாங்க அண்ணாச்சி. பெஞ்சுல உக்காருங்க."

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"அண்ணாவி வாசிச்சா அழுதாங்க. நான் வாசிச்சா கை தட்டுதாங்க. அதே மெட்டு. அதே மேண்டலின். கை வேகம்னு பார்த்தா அவுகளைவிட எனக்குக் கூடத்தான். பெறவு என்ன குறையுது?"

பூரணி ஒரு வயலினுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். முறுக்காணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கடைசி நாலு வருஷம் அண்ணாவி ஒரு சாதகம் பண்ணுனாக. தெரியுமா?"

"அந்த வயசுலயா? எங்க வச்சு?"

"உங்க மேடையில வச்சுத்தான்."

"நான் பக்கத்துலயேதான நின்னேன். பார்க்கலையே."

"பார்த்திருக்க மாட்டீங்க."

"அதை எனக்குச் சொல்லித் தா."

"நாளைலருந்து வாங்க. முப்பது நாள் ஆகும்."

இந்த இடத்தில் கடைசி நாலு வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இதில் சிரிப்பு கிடையாது.

அண்ணாவியின் இடது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரு கொடை விழாவில் நடவு மெட்டில் இரண்டு இடம் வழுக்கியது. "பெருசு, குளிருதா?" என்று ஒருத்தன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த கச்சேரிக்கு முன்னால் தனுஷ்கோடி மைக்செட் செபஸ்தியானை ஜெனரேட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாவி லைனை மட்டும் அணைச்சிரு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பென்டிரைவ்ல மேண்டலின் பிடிச்சு வச்சிருக்கேன். நான் வாசிச்சது. அதை ஓட விடு."

"அவுக வாசிச்சிட்டு இருப்பாகளே."

"வாசிக்கட்டும். பேரு போஸ்டர்ல இருக்கணும், ஆளு மேடையில இருக்கணும். சத்தம் மட்டும் வேண்டாம்."

"தெரிஞ்சா மனசு விட்டுருவாக."

"தெரியாதுடே. காது முன்ன மாதிரியா இருக்கு?"

பதினோரு வாத்தியத்துக்குச் சுருதி கூட்டுகிற காது. கம்பியில் ஈரக்காற்று பட்டால் கண்டுபிடிக்கிற காது. அது மந்தமாகிவிட்டது என்று தனுஷ்கோடி முடிவு செய்தார். அண்ணாவியைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

அன்றிலிருந்து நாலு வருஷம். அண்ணாவி மேடையில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசித்தார். ஊர் பென்டிரைவைக் கேட்டது. கை தட்டினார்கள். யாரும் அழவில்லை. "சீரியல் பார்த்துப் பார்த்து சனங்களுக்குக் கண்ணீர் வத்திப்போச்சு" என்று தனுஷ்கோடி சொல்லுவார்.

மற்றபடி அண்ணாவிக்கு ஒரு குறை வைக்கவில்லை. வீட்டு வாசலுக்குக் கார் போகும். மேடையில் முதல் துண்டு போர்த்துவது அவருக்குத்தான். செபஸ்தியானையும் தன்னையும் தவிர ஒரு உயிருக்கும் விஷயம் தெரியாது என்று தனுஷ்கோடி நிம்மதியாக இருந்தார்.

மறுநாள் பாடம் ஆரம்பித்தது.

பூரணி ஒரு பழைய துண்டிலிருந்து நாலு விரல் அகலம் கிழித்தாள். அதை மேண்டலினின் கம்பிகளுக்கு அடியில் இறுக்கிச் செருகினாள்.

"இப்ப வாசிங்க."

தனுஷ்கோடி மீட்டினார். தலையணையைத் தட்டின மாதிரி ஒரு பொத்பொத்.

"சத்தமே வரலையே பூரணி."

"வராது. நான் முனங்குதேன். அதே வேகத்துக்கு உங்க விரல் வரணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

அவள் நடவு மெட்டை முனகினாள். எங்கே அண்ணாவி இழுப்பாரோ அங்கே இழுத்தாள், எங்கே மூச்சு விடுவாரோ அங்கே மூச்சு விட்டாள். தனுஷ்கோடியின் விரல்கள் பின்னால் ஓடின.

"உள்ளுக்குள்ள கேட்குதா அண்ணாச்சி?"

"கேட்குது."

"வெளிய யாருக்காவது கேட்குதா?"

"இந்தத் துணியை வச்சா எப்படிக் கேட்கும்?"

"இதுதான் அவுக சாதகம்."

தனுஷ்கோடி அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆகா, என்ன சூட்சுமம் என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைத்தார். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் குரல் தாழ்ந்து, சாமியார் குரலாக வந்தது. "மௌன சாதகம்னு ஒண்ணு இருக்கு. வெளிய ஒலி கிடையாது. எல்லாம் உள்ளுக்குள்ள. அண்ணாவி அதை ரகசியமா வச்சிருந்தாக. இப்ப எனக்குத்தான் வந்திருக்கு."

"எப்படி அண்ணாச்சி, டீ இல்லாம வெறும் கிளாஸை உறிஞ்சுத மாதிரியா?" என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்.

"உனக்கெல்லாம் அது வெளங்காது."

"எனக்கு வேண்டாம். நீங்க குடிச்ச கிளாஸைக் குடுங்க."

பத்தாம் நாள் தனுஷ்கோடிக்கு அலுத்துவிட்டது.

"இன்னும் எத்தனை நாளுக்கு இந்தப் பொத்பொத்து? பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு."

"பத்து நாள்தான ஆகுது."

"மனுஷன் வாசிக்கது நாலு பேரு கேட்கத்தான? யாரும் கேட்காம வாசிக்கதுக்கு ஒரு நெஞ்சு வேணும்."

"ஆமா அண்ணாச்சி."

"அண்ணாவிக்கு எப்படி அம்புட்டுப் பொறுமை வந்துது?"

"மெட்டை முதல்லருந்து எடுங்க" என்றாள் பூரணி.

முப்பதாம் நாள் வாசித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். காரணம் ஒன்றும் இல்லை. பூரணி கேட்கவும் இல்லை.

"கடைசியில அவுக கை நடுங்கிச்சு பூரணி. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"வேற எவனா இருந்தாலும் வீட்டுல உக்காருங்கன்னு சொல்லியிருப்பான். நான் கைவிடல."

"விடல. கார் வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க."

"பிளாஸ்க்குல பாலு கொண்டு போனேன்."

"சீனி போடாம."

"சீனி போடாம. பார்த்தியா, நீயே சொல்லுத." தனுஷ்கோடிக்கு நெஞ்சு லேசாயிற்று. "கடைசி வரைக்கும் மேடையில மகாராசா மாதிரி வச்சிருந்தேன்."

பூரணி துணியை உருவினாள். "இனி துணி வேண்டாம். விரல் பழகிட்டு. அவுக எங்க நிப்பாகளோ அங்க நீங்களும் நிக்கீங்க. போதும்."

"சனங்க அழுவாங்களா?"

"அழுவாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா அண்ணாச்சி."

விழா நாள். சாயங்காலம் ஆறு மணி. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேடையில் அண்ணாவியின் படம், சம்பங்கி மாலை. மைக்செட் செபஸ்தியான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அலோ... அலோ... ஒன்... டூ..." என்றார். த்ரீ அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கமிட்டித் தலைவர் எழுந்தார். இருபது நிமிஷத்தில் நான் மூன்று வரிதான் சொல்லப்போகிறேன், பிழைத்துப் போங்கள்.

"அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நின்றிருக்கும் தந்தைமார்களே, வேப்பமரத்திலே ஏறியிருக்கும் தம்பிமார்களே. மறைந்தும் மறையாத அண்ணாவி அவர்கள், நாதஸ்வரம், தவில் முதலான பதினோரு வாத்தியங்களை..."

"தந்தி வாத்தியம் தலைவரே" என்று பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"தவிலுக்கும் வார் உண்டுல்லா" என்றார் தலைவர் மைக்கிலேயே, மேலே பேசினார்.

பட்டமும் பொன்னாடையும் தட்டில் தயாராக இருந்தன. நடவு மெட்டு முடிந்ததும் போர்த்துவது என்று ஏற்பாடு. தனுஷ்கோடி சந்தன நிறச் சட்டையில் மேடையின் நடுவில் உட்கார்ந்தார். பின்னால் பூரணி தம்பூராவோடு. செபஸ்தியான் வந்து மேண்டலினில் ஒட்டுகிற குட்டி மைக்கை ஒட்டிவிட்டுப் போனார்.

தம்பூரா எழுந்தது. தனுஷ்கோடி கண்ணை மூடி, முதல் கம்பியை மீட்டினார்.

மைதானத்துக் குழாய் ஒலிபெருக்கிகளில் மேண்டலின் கேட்டது. கையிலிருந்து அரைக் கண்ணிமைப்பு பிந்திக் கேட்டது. கடைசிக் கம்பத்துக் குழாயிலிருந்து எதிரொலி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது வரிக்குள் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு ஒலி தன் கையிலிருந்து இதற்கு முன்னால் வந்ததே இல்லை. ஒவ்வொரு சுரத்தின் ஓரத்திலும் ஒரு சின்ன நடுக்கம். சேற்றில் கால் ஊன்ற முடியாமல் ஊன்றி நடுகிறவள் பாடுகிற மாதிரி. முப்பது நாள் பொத்பொத்துக்கு இதுவா பலன்.

கண்ணை லேசாகத் திறந்து பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடியிருந்தார். ஒரு பெண் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். டீ ஆற்றுகிறவன் நின்றபடியே கண்ணைத் துடைத்தான். சுண்டல்காரன் விற்பனையை நிறுத்தியிருந்தான். தலைவர்கூட மூக்கை உறிஞ்சினார்.

அழுகிறார்கள். நாலு வருஷமாக வறண்டு கிடந்த சனம் அழுகிறது. தந்தி தனுஷ்கோடி வாசிக்கிறான், ஊர் அழுகிறது. தன்னை நினைத்துத் தனக்கே கண்ணீர் வந்தது. கன்னத்தில் இறங்கி மீசைக்குள் போய்க் கூசியது. தாங்கவில்லை.

இரண்டு கையையும் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடவு மெட்டு நிற்கவில்லை.

அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. தனுஷ்கோடி கண்ணை மறைத்த விரல்களுக்கு நடுவே மேண்டலினைப் பார்த்தார். மடியில் சும்மா கிடந்தது. குழாயில் மெட்டு அடுத்த வரிக்குத் திரும்பியது, நடுங்கி, தயங்கி, ஒரு இடத்தில் லேசாக வழுக்கி.

வேப்பமரத்தின் மேலிருந்து ஒரு பயல், "யம்மா, அவரு வாசிக்காமலே பாடுது" என்றான்.

யாரோ ஒருத்தர் பொசுக்கென்று சிரித்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். துண்டை எடுத்துவிட்டுக் கிழவர் பார்த்தார். அப்புறம் பந்தலே சிரித்தது. தாய்மார்கள் சிரித்தார்கள், தந்தைமார்கள் சிரித்தார்கள், மரத்தின் மேல் தம்பிமார்கள் கிளையோடு ஆடினார்கள். "அண்ணாச்சி, மௌன சாதகமா?" என்றான் டீ ஆற்றுகிறவன். தலைவர் பொன்னாடைத் தட்டை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

இதுதான் நான் சொன்ன சிரிப்பு.

தனுஷ்கோடி செபஸ்தியானைப் பார்த்தார். செபஸ்தியான் ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தனுஷ்கோடி கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பூரணி தம்பூராவை நிறுத்தவில்லை.

"ஏ பூரணி. என் மைக்கு."

"அணைச்சிருக்கு."

"இது யாரு வாசிக்கது?"

"தெரியலையா?"

தெரிந்தது. பதினாலு வயதிலிருந்து கேட்ட கை. அதைத்தான் இவ்வளவு நேரம் தன் கை என்று நினைத்திருந்தார்.

"அவுக வாசிச்சதை யாரும் பிடிச்சு வைக்கலையே."

"உங்க மேடையில பிடிச்சது. ஊருக்குத்தான் அணைச்சாரு செபஸ்தியான் அண்ணன். தன் ஹெட்போனுக்கு அணைக்கல. நாலு வருஷமும் அவரு ஒருத்தர் கேட்டிருக்காரு. பிடிச்சும் வச்சிருக்காரு."

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தனுஷ்கோடி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார்.

"அவுகளுக்குத் தெரியாது" என்றார். "அவுகளுக்குத் தெரியாமத்தான் பார்த்துக்கிட்டேன்."

"முதல் நாளே தெரியும்."

"இல்ல."

"நான் பின்னாலதான இருந்தேன். மெட்டுக்கு நடுவுல ஒரு நொடி கையை எடுத்துப் பார்த்தாக. இப்ப நீங்க எடுத்த மாதிரி. பாட்டு நிக்கல."

"பெறவு?"

"திரும்பக் கையை வச்சு வாசிக்க ஆரம்பிச்சிட்டாக."

"எதுக்கு?"

"நானும் அதான் கேட்டேன், இறங்கி வரும்போது" என்றாள் பூரணி. "'நான் கையை எடுத்தா, ஊரு தனுசைப் பார்த்துல்லா சிரிக்கும்'னு சொன்னாக."